காகத்துக்குக் கட்டிய சிடி

உப்புவெளி என்ற ஊரில் சனூஸாவின் கடைப் பலகையில் இப்படித்தான் எழுதியிருக்கும்: "பழைய கேம் சிடிகள் சுருக்கித் தரப்படும். ஒன்றும் குறையாது." வாய்ச்சவடால் இல்லை. சிடியில் உள்ள முழுவதையும் ஒரே கோப்பாக்கி, பாதி அளவுக்குச் சுருக்கி, போனிலேயே விளையாடும்படி கொடுத்துவிடுவாள். வேண்டாமென்று விட்டுப்போகும் சிடிகள் கடற்கரையில் கருவாடு காயப்போடும் றம்ஸியாவின் பந்தலுக்குப் போகும். நூலில் கட்டித் தொங்கவிட்டால் அந்த மினுக்கத்துக்குக் காகம் அண்டாது.

புதன்கிழமை காலை மதிவதனா வந்து நின்றாள். போன கிழமை கார்ப் பந்தய கேம் ஒன்றைச் சுருக்கிக்கொண்டு போனவள்.

"அக்கா, கேம் ஓடுது. அண்ணாவின்ர குரலைக் காணேல்ல."

டெங்குவில் செத்துப்போன அவளுடைய அண்ணன் அனுசன், கேமின் பாட்டுகளை எடுத்துவிட்டுத் தங்கைக்காகத் தன் குரலைப் போட்டு வீட்டுக் கணினியில் எழுதிய சிடி அது. வேறு பிரதி கிடையாது. இப்படியான சிடியில் முதல் தடத்தில், அதாவது முதல் ட்ராக்கில், கேம்; பின்னால் வரும் தடங்களில் பாட்டு. அன்றைய அவசரத்தில் சனூஸா முதல் தடத்தை மட்டும்தான் எடுத்திருந்தாள். பதினைந்து வருடம் இதே வேலை, என்ன பிரயோசனம்!

"சிடி எங்க?" என்றாள் மதிவதனா.

"காகத்துக்குக் கட்டியாச்சு தங்கச்சி. நீங்கதானே வேணாமெண்டு..."

"ஒண்டும் குறையாதெண்டு நீங்கதானே எழுதி வச்சிருக்கிறீங்கள்!"

ஓட்டோ பிடித்து ஓடினார்கள். பந்தலில் அறுபது சிடிகளாவது வெயிலில் சுழன்றுகொண்டிருந்தன. வீட்டில் எழுதிய சிடியின் அடிப்பக்கம் நீலமாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள் சனூஸா. கடைசி வரிசையில் அகப்பட்டது. உப்புக்காற்றில் ஓரம் உரிந்திருந்தது. சிடி நடுவிலிருந்து வெளி ஓரம் நோக்கித்தான் எழுதப்படும்; பின்னால் போட்ட குரல்கள் இருப்பதோ அந்த ஓரத்தில்.

கடைக்கு வந்து கணினியில் போட்டார்கள். இரண்டாம் தடம் வந்தது.

"மதி, வளைவில பிரேக்கைப் பிடியடி!"

மதிவதனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்றாம் தடம் கரகரத்தபடி வந்து சேர்ந்தது. நான்காவதில் சிடி முனகியது, நின்றது. சனூஸா துடைத்துப் போட்டாள், வேகத்தைக் குறைத்துப் போட்டாள், அல்லாஹ்வைக் கூப்பிட்டுப் போட்டாள். ஏலாது.

"அதிலதான் அக்கா, 'மதி, நீ வெண்டிட்டாயடி' எண்டு அண்ணா சொல்லுவார்."

கிடைத்த தடங்களைச் சேர்த்துச் சுருக்கி, போனில் ஏற்றிக் கொடுத்தாள் சனூஸா. மதிவதனா வாசலில் நின்று திரும்பினாள்.

"இனி இதில ஒண்டும் குறையாதே?"

அவள் போனதும் சனூஸா கதிரையை இழுத்துப்போட்டு ஏறிக் கடைப் பலகையைக் கழற்றினாள்.