மில் வாசலில் ஓசையில்லாத ஒரு நிமிடம்

மணி அடித்த பிறகும் இரண்டு நிமிடம் முழங்கிவிட்டே மேடையை விட்டு இறங்குகிற வாய், நண்பரே, என்னுடையது. அந்த வாயைச் சென்ற வாரம் ஒரு பழைய மௌனப்படத் துண்டு அடைத்துவிட்டது. கைப்பேசியில் பார்த்தேன்: ஏதோ ஒரு தேசத்தில் ஓர் ஆலையின் கதவு திறக்கிறது, நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் வெளியேறுகிறார்கள். ஒருத்தி திரும்பி, பக்கத்தில் நிற்பவளிடம் கையசைத்து ஏதோ சொல்கிறாள்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "நீ போ, நான் வரேங்கிறா. பாரு, இவ போவாம நிக்கிறா!"

எனக்குப் பஞ்சும் எண்ணெயும் கலந்த வாடை நினைவில் எழுந்தது. மத்திகிரிப் பக்கம் ஒரு நூற்பாலையில் அம்மா வேலை பார்த்த நாட்களில் அவள் சேலையோடு வீட்டுக்குள் நுழையும் வாடை அது. இயந்திர இரைச்சலில் அங்கே கையும் உதட்டசைவுமே பேச்சு. பாகலூர்க் கன்னடக்காரிக்கும், தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அம்மாவுக்கும் அதுவே பொதுமொழி. நெற்றியைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். உள்ளங்கையைத் தாழ்த்தினால், மெதுவாக. வீட்டில்கூட உப்பு போதுமா என்று கையால்தான் கேட்பாள்.

பள்ளியில் என் முதல் பேச்சுப்போட்டிக்கு, தலையில் பஞ்சுத் துகளோடு ஷிப்டு முடித்து நேராக வந்து, கடைசி வரிசையில் நின்றாள். நான் இடியென முழங்க, அவள் உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறங்கியதும் நண்பன் கேட்டான்: "யார்ரா அந்தம்மா? கைய ஆட்டிக்கினே நிக்குது!"

"தெரியலடா."

அம்மா நின்ற இடத்துக்கு அந்தச் சொல் எட்டியிருக்காது என்று இத்தனை காலம் நிம்மதியாக இருந்தேன். கடல் கடந்த ஒருத்தியின் கையசைவை இவள் படித்த அந்தக் கணத்தில் நிம்மதி போயிற்று. நாலு வரிசை தள்ளி இருந்த மகனின் உதட்டையா படித்திருக்கமாட்டாள்?

"அம்மா, அன்னிக்கு, பேச்சுப்போட்டியில..."

"தெரியலடான்னதா?" பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கப்பு வாங்கினியே, அத உட்டுட்டு இதப் போய்க் கேக்குற."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கோன்னு சொல்ல மில்லுல என்னம்மா கை?"

"அதுக்கேது கண்ணு நேரம்? நூலு அறுந்தா ஒட்டிட்டு அடுத்ததுக்கு ஓடிருவோம்." பூண்டு வாசம் வீசும் இரு விரல்களைச் சேர்த்துத் திருகிக் காட்டினாள். நானும் திருகினேன். "இன்னும் இறுக்கி," என்றாள்.

ஆலை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. பாகலூர்க்காரி எங்கே என்று அம்மாவுக்கும் தெரியாது. அந்தப் படத்துண்டில் எந்த ஊர்ப் பெண்களோ ஆலைவாசலில் இன்னும் கையசைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மில் வாசலில் அந்தக் கைகள் பேசியதை ஒரு நிமிடம்கூட யாரும் படம்பிடித்து வைக்கவில்லை.