அத்தையின் வயலில் கொட்டிய எண்ணெய்

கச்சா எண்ணெயின் வாடை எனக்குப் பழகியது. எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தினமும் அதோடுதான் வேலை. ஆனால் அன்று அது பால் பிடித்துக்கொண்டிருந்த சம்பாப் பயிருக்கு நடுவிலிருந்து வந்தது. நாகூருக்கு மேற்கே, அத்தையின் நிலத்துக்கு அடியில் போகும் எண்ணெய்க் குழாய் உடைந்திருந்தது. கதிர்கள் கருப்பாக நனைந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நிறுவனத்தின் நீலச் சட்டையோடு, மாதிரி எடுக்கும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா இறந்தபின் அந்த நிலத்தைத் தானே நின்று சாகுபடி செய்தார். எனக்கு வேலை கிடைத்த புதிதில், "மண்ணுக்குள்ள எண்ணெய் எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததையும், அதில் வாழ்ந்த மிக நுண்ணிய உயிர்கள் செத்து அடியில் படிந்ததையும், அவற்றின்மேல் சேறு ஏறி அழுத்த, பூமியின் சூட்டில் வெந்து எண்ணெயானதையும் சொன்னேன். அதைச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விட்டால் லேசான ஆவி மேலே போய்க் குளிர்ந்து பெட்ரோலாகும், நடுவில் மண்ணெண்ணெயும் டீசலும் பிரியும், கனமானது அடியில் தங்கித் தாராகும் என்றேன். "நாங்க நெல்லு அவிக்கிறோம், நீங்க எண்ணெய அவிக்கிறீங்க" என்று சிரித்தார். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு எங்கள் நிறுவனத்தார் அத்தை ஊர் வயல்களில் குழாய் பதிக்க வந்தார்கள். ஊர் தயங்கியது. அத்தை என்னிடம் போனில் கேட்டார்: "பயப்பட ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அத்தை" என்றேன். அன்று அதை நானும் நம்பினேன். முதலில் சம்மதித்தவர் அத்தை. அவரைப் பார்த்து மற்றவர்களும் சம்மதித்தார்கள்.

வரப்பில் என்னைப் பார்த்ததும் கூட்டம் சூழ்ந்தது. ஒருவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். அத்தை சேற்றிலிருந்து ஏறி வந்து அவர் கையை விலக்கினார்.

"அவன விடுங்க. குழாய் போடலாம்னு நான்தானே மொதல்ல சொன்னேன்? கேக்குறத என்னைக் கேளுங்க."

என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னார் என்று நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது கூட்டம் அத்தையைச் சூழ்ந்திருந்தது.

எண்ணெய் ஊறிய மேல்மண்ணை நிறுவனம் வாரிக்கொண்டு போய்ப் புதுமண் கொட்டியது. அடுத்த சம்பா நாற்றாக இருக்கும்போதே மஞ்சளாகிக் கருகிப் போயிற்று. பக்கத்து வயல்காரர்கள் இன்றும் அத்தையிடம் சரியாகப் பேசுவதில்லை. என்னிடம் மட்டும் அவர் எப்போதும்போலவே பேசுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் போயிருந்தேன். இலை போட்டுச் சோறு வைத்தார். முதல் வாயிலேயே நிமிர்ந்து பார்த்தேன். அத்தை குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"வீட்டு அரிசி இல்லடா, கடையில வாங்குனது. கொழம்ப நெறைய ஊத்திக்க, வித்தியாசம் தெரியாது."