சட்டியைத் தட்டியவர்

செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் தோட்டக்காரர், தண்ணீர் ஊற்றும் முன் ஒவ்வொரு பூச்சட்டியையும் விரலால் இரண்டு முறை தட்டுவார். அவர் மூக்குக்கண்ணாடியின் ஒரு கம்பிக்குப் பதில் ரப்பர் வளையம். மனிதருக்கு ஏதோ கோளாறு என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

ஒருநாள், கீழே நான் வைத்திருந்த கறிவேப்பிலைச் சட்டியில் கறுப்பாக ஒரு புழு நெளிந்தது. வீரத்தோடு ஒரு குவளை வெந்நீர் கொண்டுவந்தேன். அவர் குறுக்கே கையை நீட்டினார்.

"ஊத்தாதீங்க பாஸ். புழு இல்ல, குருட்டுப் பாம்பு. எறும்பு முட்டைய தின்னுட்டு மண்ணுக்குள்ளயே கிடக்கும்."

பாம்பு என்றதும் நான் இரண்டடி பின்வாங்கினேன். அவர் உள்ளங்கையை நனைத்துக்கொண்டு அதை ஏந்தி, வேரோரம் விட்டார்.

"இதுக்காகவா தட்டுறீங்க?"

"ஆமா. திடீர்னு தண்ணி விழுந்தா பயந்துடும்லா."

படித்தவன், விடுவேனா? "பாம்புக்குக் காது கிடையாதுண்ணே," என்றேன்.

"கண்ணும் இல்ல, காதும் இல்லன்னா, நாமதான பாஸ் பார்த்து நடந்துக்கணும்."

இப்போது வேறு தோட்டக்காரர். அந்தச் சட்டிக்கு மட்டும் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். தட்டிவிட்டு, ஏனோ சற்று நேரம் காத்திருக்கிறேன். எனக்கு ஏதோ கோளாறு என்று என் மனைவி முடிவுகட்டியிருக்கிறாள்.