யாருக்கும் தெரியக் கூடாது என்று கேட்டேன்

பெண்களுக்கு வரும் ஒரு நோயைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கோயில் காரியத்தில் இதையெல்லாம் பேசலாமா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மன் எனக்கு என்ன செய்தாள் என்று சொல்ல வேண்டுமென்றால், நான் எங்கே நொந்து கிடந்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் பெயர் மகேஸ்வரி. வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் முன்பு இதே தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். இப்போது கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். நானும் மகளும் மாமியாரும் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம்.

போன வருஷம் ஆனி மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இடுப்பில் கட்டிய படங்குத் துணிக்குள்ளும் தண்ணீர் இறங்கி, நாள் முழுக்க ஈரத்தோடு நின்றதில் எனக்கு இருமல் வந்துவிட்டது. தோட்டத்தில் கொடுத்த மருந்துக்கு அது மசியவில்லை. போனில் நான் இருமுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தாங்கவில்லை. கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் நல்ல பவரானதாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் குளிசைகளைக் கொடுத்தனுப்பினார். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. கிருமியைக் கொல்லும் அன்டிபயோட்டிக். அந்தப் பொட்டலத்துக்குள் ஒரு பிஸ்கட் பக்கெட்டும் இருந்தது. அவர் அப்படிப்பட்ட மனிதர்.

குளிசை வேலை செய்தது. இருமல் நின்றது. ஆனால் அது நிற்கவும் வேறொன்று ஆரம்பித்தது. பெண்ணுறுப்பில் அரிப்பு. முதலில் ஈரத்தால் வந்தது என்று விட்டுவிட்டேன். பிறகு திரிந்த பால் மாதிரி வெள்ளை படத் தொடங்கியது. சிறுநீர் போனால் எரிந்தது. மலையில் நிரை பிடித்து நிற்கும்போது முன்னும் பின்னும் ஆட்கள். சொறியவும் முடியாது, நிற்கவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்து எடுத்தேன்.

கிருமிதான் உள்ளே போய்விட்டது என்று நினைத்தேன். கிருமி என்றால் குளிசைதானே? மிச்சமிருந்ததைப் போட்டேன். அது முடிந்ததும் பக்கத்து வீட்டில் பல்வலிக்கு வாங்கியதில் மிச்சமிருந்ததைக் கேட்டு வாங்கினேன். எங்கள் லயத்தில் சீனி, உப்பு மாதிரி குளிசையும் கை மாறும். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, அவ்வளவு நல்ல மனசு. அதோடு விட்டேனா? சுடுதண்ணீரில் கிருமிநாசினி ஊற்றி, சவர்க்காரம் போட்டு உள்ளே வரை கழுவினேன். கழுவக் கழுவ எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

நோவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. புருஷன் கொழும்பில். பெண்சாதிக்கு அந்த இடத்தில் நோய். இதற்கு நாலு பேர் என்ன கதை கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஊர் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் நம்பிவிட்டால்? அவர் ஒரே ஒரு தடவை என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டால்? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்குள் ஆடித் திருவிழா வந்துவிட்டது. திருவிழாவுக்கு அவர் லீவு போட்டு வருவார். எப்படி மறைப்பது? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். காப்புக் கட்டிவிட்டால் விரதம். விரதமென்றால் புருஷனும் பெண்சாதியும் தனித்தனியாகத்தான் படுக்க வேண்டும். மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்த வருசமாச்சும் ஒனக்கு பக்தி வந்துச்சே மகேசு" என்றார்.

பூசாரி என் கையில் மஞ்சள் கயிறு கட்டும்போது அம்மன் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கண்ணீர் கொட்டியது. இந்த உடம்போடு அவள் முன்னால் நிற்கலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மனசுக்குள்ளேயே கெஞ்சினேன். "அம்மா, இத எங்கிட்டயிருந்து எடுத்துரு. யாருக்கும் தெரிய வேணாம். அவருக்கு மட்டும் தெரியவே வேணாம்." பக்தியில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் வந்தார். காப்பைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முன் அறையில் பாயைப் போட்டுக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் மறுநாள் காலையில் தேத்தண்ணி கொடுக்கப் போனபோது என்னையே உற்றுப் பார்த்தார்.

"என்னா புள்ள, நேத்திலிருந்து ஒக்காரவே மாட்டேங்கிற?"

"வயித்து வலிங்க."

"வயித்து வலின்னா ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"காப்பு கட்டியிருக்கேன்ல? எல்லை தாண்டக் கூடாது" என்றேன். எங்கள் டிவிஷனில் அதுதான் வழக்கம். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டமாட்டார்கள்.

அவர் எழுந்து வெளியே போனார். தப்பித்தேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "பூசாரிய கேட்டுட்டு வந்துட்டேன். மருந்து எடுக்கப் போறவங்கள அம்மா தடுக்கமாட்டாளாம். பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிறணுமாம். கெளம்பு" என்றார். ஒளிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே இடமும் போய்விட்டது. பஸ்ஸில் போகும்போது காப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே வேண்டினேன். டாக்டரைப் பார்க்கும்போது அவர் வெளியே இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஒரு சிங்களப் பெண் பிள்ளை. சின்ன வயசு, சிரித்த முகம். தமிழ் பேசுகிற நேர்ஸ் அன்றைக்கு லீவாம். எனக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் வரும். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன். பிறகு அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து, என் வீட்டுக்காரரை உள்ளே வரச் சொன்னார். கொழும்புக் கடையில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவரில்லையா? எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நான் கேட்டதற்கு நேர்மாறாக நடக்கிறதே தாயே என்று மனசுக்குள் அம்மனோடு சண்டையே போட்டேன்.

"என்னா செய்யுதுன்னு கேக்குறாங்க" என்றார் அவர்.

"வயித்து வலி" என்றேன் சுவரைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். மெதுவாக ஏதோ சொன்னார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெக்கப்பட வேணாமாம். பொம்பளைங்களுக்கு வாற நோவு ஏதாச்சும் இருக்கான்னு கேக்குறாங்க."

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. "நான் ஒரு தப்பும் பண்ணலங்க" என்று அழுதேன்.

அவர் திகைத்துப் போனார். பிறகு டாக்டர் இருப்பதையும் மறந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரு புள்ள சொன்னா, நீ தப்பு பண்ணுனன்னு? இத எத்தன நாளா தனியா வச்சிக்கிட்டு இருந்த?"

என்ன சொன்னாள் என்று டாக்டர் கேட்டார். அவர் சிங்களத்தில் பதில் சொன்னார். எனக்கும் அந்த அளவு புரிந்தது. பயப்படுகிறாள், பயப்பட ஒன்றுமில்லை என்று நீங்களே ஒருதரம் சொல்லுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவரிடம் சொல்ல, அவர் டாக்டரிடம் சொன்னார். அரிப்பு, எரிச்சல், வெள்ளை, ஒன்றையும் விடவில்லை. அந்தக் குளிரிலும் மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. டாக்டர் என்னைப் பரிசோதித்தபோது அவர் திரைக்கு வெளியே நின்றார். இரத்தத்தில் சீனியும் பார்த்தார்கள், அது சரியாகத்தான் இருந்தது. பிறகு டாக்டர் இன்னொன்று கேட்டார். அதை அவர் தமிழில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டார்.

"அண்மையில ஏதும் அன்டிபயோட்டிக்… நான் அனுப்புன குளிச."

டாக்டர் விளக்கிச் சொன்னார். அவர் சொன்னது கொஞ்சம்தான். என் வீட்டுக்காரர் அதைத் தமிழில் பெரிதாக விரித்தார்.

"நம்ம ஒடம்புல நல்ல கிருமியும் இருக்காம் புள்ள. அந்த எடத்துல அதுங்கதான் காவல் இருக்காம். குளிச போட்டா இருமல் கிருமியோட சேத்து அதுங்களும் செத்துருதாம். நான் மலைக்கி மருந்தடிச்சிருக்கேன்ல? மருந்தடிச்ச எடத்துல எல்லாம் கருகிப்போய், மொதல்ல மொளைக்கிறது வேணாத புல்லுதான? அது மாதிரி அந்த எடத்துல காளான் மாதிரி ஒண்ணு பெருகிருதாம். நீ மேல மேல குளிச போட்டதும், மருந்து ஊத்தி கழுவுனதும் அதுக்கு இன்னும் வசதியாப் போச்சாம்."

நான் இரண்டு வார்த்தைதானே சொன்னேன் என்று டாக்டர் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"இது தப்பான ஒறவால வாற நோவு இல்லயாம். கல்யாணம் ஆகாத புள்ளைங்களுக்கும் வருமாம். சுத்தமில்லாததால வாறதும் இல்லயாம்" என்றார் அவர்.

அன்டிபயோட்டிக் கெட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் சொன்னபடி முழுவதும் எடுக்க வேண்டும். நாமாகக் கடையில் வாங்குவதும், மற்றவர்களுடைய மிச்சத்தைப் போடுவதும்தான் கூடாது. வெளியே மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், ஈரத் துணியோடு இருக்கக் கூடாது, பருத்தி உள்ளாடையை வெயிலில் காயவைத்துப் போட வேண்டும் என்றார். உள்ளே வைக்கிற மாத்திரை கொடுத்தார். நிற்காவிட்டால் திரும்ப வரச் சொன்னார்.

வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். அவர் கோப்பையைத் தொடவே இல்லை.

"நான்தான புள்ள ஒனக்கு இத அனுப்புனேன்."

"இருமல் நின்னுச்சுல்லங்க. பிஸ்கட்டும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவர் சிரித்தார், உடனே கண்ணையும் துடைத்துக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட்டோம்.

திருவிழா அன்றைக்கு எரிச்சலும் இல்லை, அரிப்பும் இல்லை. நேராக நடந்து பால்குடம் எடுத்தேன். அம்மனுக்குப் பால் ஊற்றும்போது எனக்குக் கேட்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. நோயை எடு என்றேன், எடுத்தாள். அவருக்குத் தெரியக் கூடாது என்றேன், அதை மட்டும் அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தெரிந்த பிறகுதான் என் மனசில் இருந்த பாரம் இறங்கியது. அதற்காகத்தான் நான் இன்றைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுக்கு விளக்குப் போடுகிறேன்.

மாமியாரிடமும் பிறகு சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை வைத்துவிட்டு, "எனக்கும் ஒருக்கா இப்பிடி இருந்துச்சு. யாருகிட்ட போயி சொல்ல?" என்றார். எத்தனை வருஷம் அதை அவர் மனசுக்குள் வைத்திருந்தாரோ தெரியாது. எங்கள் வீட்டில் இப்போது மிச்சக் குளிசை வைப்பதில்லை. யாராவது கேட்டால், டாக்டரைப் பார்த்தீங்களா என்று கேட்கிறேன். சண்டைக்காரி என்று பெயர் எடுத்துவிட்டேன், பரவாயில்லை.

அக்காமாரே, தங்கச்சிமாரே, உங்களில் யாராவது இப்படி ஒளித்து வைத்துக்கொண்டு இருந்தால் அம்மனிடம் சொல்லி அழுங்கள். அவள் கேட்பாள். அவள் ஒரு கதவைத் திறந்துவிட்டால் பயப்படாமல் உள்ளே போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் என் காதில் சொல்லுங்கள், நான் அவரிடம் சொல்கிறேன். அதற்கு வேண்டிய சிங்களம் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லித் தந்துவிட்டார்.