செவலை மாட்டின் பித்தளை வில்லை

காந்திமதியைப் பற்றி எங்கள் வங்கியில் யார் பேச ஆரம்பித்தாலும் மேஜைக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன். அந்த மேஜையின் ஒரு முனையைத் தூக்கியவன் நான்தான்.

1983, ஆடி மாதம். திண்டிவனம் கிளைக்கு விவசாய அதிகாரியாக வந்து சேர்ந்தாள். கண்டமங்கலத்துப் பெண், வேளாண்மைப் பட்டதாரி, வயது இருபத்தைந்து. என் மூத்த மகளைவிட நாலு வயதுதான் பெரியவள் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். மேனேஜர் அவளுக்குப் பழைய லெட்ஜர்கள் அடுக்கியிருந்த அறையில், ஜன்னல்கூட இல்லாத மூலையில், ஒரு மேஜையைப் போட்டுக் கொடுத்தார். அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு நேராக என் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தேவநாதன் சார், கடன் கேட்டு வர்றவங்க என்னைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அறுவடையே முடிஞ்சிடும். ஒரு கை பிடிங்க."

நான் காசாளர். பணப்பெட்டி திறந்திருக்கும்போது கூண்டைவிட்டு வெளியே வரக் கூடாது. பூட்டிவிட்டு வந்தேன். மேஜை வாசலுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த மேனேஜர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

எங்கள் வங்கி ஒரு காலத்தில் நாலைந்து வியாபாரிகள் கூடித் தொடங்கியது. திண்டிவனத்தில் கிளை திறந்தபோது மல்லாட்டை (நிலக்கடலை) மண்டிக்காரர்களும் அரிசி மில்காரர்களும்தான் வாடிக்கை. அவர்கள் வந்தால் நாற்காலி, காபி. முழங்காலில் சேறோடு ஒருவன் வந்தால் வாட்ச்மேன் வாசலிலேயே "இன்னா வோணும்?" என்பான். பிறகு அரசாங்கம் வங்கியை எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகையில் ஒரு வரி கூடியது. கிராமத்துக்குப் போ, சிறு விவசாயிக்குக் கொடு, நூற்றுக்கு நாற்பது அவர்களுக்கு என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்துகொண்டே இருந்தது. நாங்கள் ஒவ்வொன்றையும் படித்து, கையெழுத்துப் போட்டு, கோப்பில் வைத்தோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

காந்திமதி வந்த பிறகு அந்தக் கோப்புக்குக் கால் முளைத்தது. ஒரு லூனா மொபெட் வாங்கினாள். காலை பத்து மணிக்குக் கையெழுத்து, பத்தேகாலுக்கு லூனா கிளம்பும். மாலை நாலு மணிக்குப் புழுதியோடு திரும்பி வந்து, மனுக்களை மேஜையில் கொட்டி, என்னைக் கூப்பிடுவாள். சேமிப்புக் கணக்கு என்றால் என்ன, ரசீது என்றால் என்ன, கைநாட்டு வைப்பவர் நேரில் ஏன் வர வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னாள். ஒரு மண்டிக்காரர் அவளைப் "பாப்பா" என்று கூப்பிட்டுவிட்டார். "பாப்பா வீட்டுல இருக்கும் சார். இங்க ஆபீசர்தான் இருக்காங்க. என்ன வேணும், சொல்லுங்க" என்றாள். மனுஷன் அதற்கப்புறம் அவளிடம் பேசும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அவளுடைய வாய்க்கு எனக்கு உள்ளூரப் பயம், வெளியே கிண்டல்.

1985 தை மாதம். கூட்டேரிப்பட்டுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் பதினெட்டுக் குடும்பங்களுக்குக் கறவைமாட்டுக் கடன் கொடுத்தோம். மாட்டுக்கு மூவாயிரம். அதில் ஆயிரம் அரசாங்க மானியம், மீதி இரண்டாயிரம் தவணை. ஒவ்வொரு மாட்டுக்கும் இன்சூரன்ஸ் உண்டு. அதற்கு அடையாளமாக மாட்டின் காதில் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் குத்திவிடுவார்கள். சில ஊர்களில் வில்லையைக் கழற்றி வேறு கிழட்டு மாட்டுக்கு மாட்டி, நல்ல மாட்டை விற்றுவிட்டு, "செத்துப்போச்சு சார்" என்று வந்து நின்ற ஆட்கள் இருந்தார்கள். அதனால் காந்திமதி கறாராக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள். மாடுகளுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். காந்திமதி குரலை உயர்த்திச் சொன்னாள்:

"இந்த வில்லைய எந்தக் காரணம் கொண்டும் கழட்டக் கூடாது. யார் வந்து கேட்டாலும் கழட்டக் கூடாது. வில்லை போச்சுன்னா எல்லாமே போச்சு. ஒருவேளை மாடு செத்துப்..."

"அடடா, ஆபீசரம்மா!" என்று கூட்டத்திலிருந்து பெரியதம்பி என்ற விவசாயி கையை உயர்த்தினார். "நல்ல நாளும் அதுவுமா மங்கலமா பேசுங்கம்மா. மாடு இப்பதான் வாசல்ல கால் வைக்குது."

பெண்களெல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். காந்திமதியும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே! நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி சரி, நல்லா கறக்கட்டும்" என்று முடித்துவிட்டாள். நானும் அங்கே இருந்தேன், வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பெரியதம்பியின் மனைவி வெள்ளையம்மாள் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தி. அவள் வாங்கியது ஒரு செவலை மாடு. வேளைக்கு மூன்று லிட்டர் கறந்தது. தவணையைத் தேதி தவறாமல் கட்டினாள். பணத்தை நீட்டும்போது கூண்டுக் கம்பி வழியாக, "எண்ணிப் பாத்துக்கினு சீட்டு குடு சாமி" என்பாள்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை அவள் வந்தபோது கையில் பணம் இல்லை. காந்திமதியின் மேஜைக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை மாட்டுக்கு வயிறு உப்பியிருக்கிறது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டிருக்கிறார். விடிவதற்குள் மாடு போய்விட்டது. காலையிலேயே உப்புப் போட்டுப் புதைத்துவிட்டார்கள்.

"டாக்டர் சர்டிபிகேட் தருவாரும்மா, கவலைப்படாதீங்க" என்று காந்திமதி இன்சூரன்ஸ் படிவத்தை எடுத்தாள். "வில்லைய எடுங்க. இன்சூரன்ஸ்ல பணம் வந்துடும், கடன் தீந்துடும். வேற மாடு வாங்கலாம்."

வெள்ளையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "வில்லையா? அது மாட்டோட இருக்குது. நீங்கதான எந்தக் காரணம் கொண்டும் கழட்டக் கூடாதுன்னு சொன்னீங்க? ஊட்டுக்காரரு கழட்டலாம்னாரு. நான்தான் தொடாதேன்னு சத்தம் போட்டேன். காதைத் தொடச்சி, மஞ்சத் தடவி, அப்படியே பொதைச்சிட்டோம்."

காந்திமதியின் கையில் படிவம் அப்படியே நின்றது. அவள் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வில்லை இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடையாது. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் செத்த மாட்டுக்கு வெள்ளையம்மாள் இன்னும் ஆயிரத்து அறுநூறு கட்ட வேண்டும். அந்தக் கடன் தீராமல் அடுத்த மாடும் கிடையாது. கேப்பைக் கொல்லை ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டு எங்கே போவாள்?

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "ரூல்ஸ் ரூல்ஸ்தான். நாம என்னம்மா பண்ண முடியும்?" நானும் அதையே சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

"கழட்டாதேன்னு சொன்னது நான் சார். அவங்க நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க" என்றாள் காந்திமதி. விழுப்புரத்துக்கு டிரங்க் கால் போட்டாள். இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் ராஜவேலுவிடம் நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அந்த மனிதர் நல்லவர், ஆனால் கெட்டிக்காரர். யாரோ அறுத்துக் கொண்டுவந்து நீட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன், புதைத்த இடத்தில் என் கண்ணெதிரே காதிலிருந்து எடுத்தால் எழுதுகிறேன் என்றார். "நாளைக்குப் பத்து மணி, கூட்டேரிப்பட்டு டீக்கடை" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பேங்க் தரப்புல சாட்சி வேணும் சார்" என்றாள்.

"ஐயோ, எனக்கு நாத்தமே ஆகாதும்மா."

"மூக்கைப் பொத்திக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மறுநாள் ராஜவேலுவோடு அந்த ஊருக்குப் போனோம். பெரியதம்பி குறுக்கே நின்றார். "பொதைச்சதைத் தோண்டுனா குடும்பத்துக்கு ஆவாதும்மா. கடன் போனா போவுது, கூலிக்குப் போயி கட்டிக்கினு கெடக்குறோம்." ஊரில் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. காந்திமதி யாரையும் கெஞ்சவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள், சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்தாள், கொல்லையில் மண் மேடாக இருந்த இடத்துக்குப் போய் வெட்ட ஆரம்பித்தாள். பத்து வெட்டு வெட்டியிருப்பாள். பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, காசு மட்டுமே எண்ணிப் பழகிய கையில் இன்னொரு மண்வெட்டியை வாங்கினேன். கொஞ்ச நேரத்தில் பெரியதம்பி திட்டிக்கொண்டே வந்து, "பேஜாரு புடிச்ச ஆளுங்க! மண்வெட்டி புடிக்கத் தெரியுதா பாரு, குடுய்யா இப்படி" என்று என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

புதைத்து மூன்று நாளாகிவிட்டது. அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. தலைப்பக்கம் தெரிந்ததும் ராஜவேலு குனிந்து பார்த்துத் தலையசைத்தார். காதில் வில்லை இருந்தது. காந்திமதி கத்தியோடு குழியில் இறங்கப் போனாள். அதுவரை தள்ளி நின்ற வெள்ளையம்மாள் ஓடிவந்து அவள் கையிலிருந்து கத்தியை வாங்கினாள்.

"நீங்க வாணாம். நான் வளத்த மாடு."

இறங்கினாள். ஒரே அறுப்பு. மேலே வந்து சொம்புத் தண்ணீரில் வில்லையைக் கழுவி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். அவர் எண்ணைச் சரிபார்த்து எழுதினார், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். "ஒரு மாசத்துல பணம் வந்துடும்" என்றார் ராஜவேலு. காந்திமதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகமெல்லாம் மண், கையெல்லாம் கொப்புளம், ஒரே சிரிப்பு. "பாத்தீங்களாம்மா! கடன் தீந்துது. கார்த்திகைக்குள்ள உங்க வாசல்ல வேற மாடு நிக்கும். இது என் பொறுப்பு!"

வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. மண்ணைத் தள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"செத்தா இன்னா பண்ணணும்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, உசுரு போன சூட்டோட எடுத்து வெச்சிருப்பேன். மூணு நாள் கழிச்சி அது மொகத்த இப்படிப் பாக்க வெச்சிட்டியே, தாயி!"

காந்திமதியின் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணீர் மண்ணோடு கலந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "தப்பு என்னோடதுதாம்மா" என்றாள்.

"தப்பு கெடக்கட்டும். இனிமே நல்ல நாளா இருந்தாலும் முழுசா சொல்லிடு."

கார்த்திகைக்கு முன்பே வெள்ளையம்மாளுக்கு வேறு மாடு வந்தது. காந்திமதி அதற்கப்புறம் ஆறு வருஷம் எங்கள் கிளையில் இருந்தாள். எத்தனையோ ஊர்களில் மாட்டுக் கடன் கொடுத்தாள். எந்த வெள்ளிக்கிழமையானாலும், எந்த முகூர்த்தமானாலும், மஞ்சள் பூசி நிற்கிற மாடுகளுக்கு முன்னால் அவள் பேசிய முதல் வார்த்தை, "மாடு செத்துப்போனா..." என்பதுதான். ஊர் ஊராகத் திட்டு வாங்கினாள். முகம் சுளித்து எழுந்து போனவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாள். எங்கள் கிளையில் அதன் பிறகு எந்த மாட்டையும் தோண்ட வேண்டி வரவில்லை.