காந்த நட்டில் ஒட்டிய தூள்

என் மச்சானுக்கு, அதாவது ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் கணவருக்கு, இந்த உலகத்தில் இரண்டே கவலைகள். ஒன்று ராத்தாவின் சிறுநீரகம், மற்றது அவருடைய காரின் எஞ்சின். இதில் எது முதலாவது என்று கேட்டு நான் அவரை வம்புக்கு இழுப்பதுண்டு. காருக்கு அடியிலிருந்து பதில் வராது. கால்கள் மட்டும் தெரியும்.

அது ஸ்ரீ இலக்கத் தகடு போட்ட பழைய ஆங்கிலக் கார். கல்பிட்டிப் பக்கம் அதைவிட வயதான வாகனம் ஓடி நான் பார்க்கவில்லை. ராத்தாவின் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, கிழமைக்கு இரண்டு தடவை புத்தளம் ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு அவளுடைய இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். துணைக்கு நான் போவேன். ஒரு தடவை தவறினாலும் அவளுக்குக் கால் வீங்கும், மூச்சு முட்டும். பஸ்ஸில் நிற்க முடியாது. ஓட்டோவில் குலுங்கினால் வழி முழுக்க வாந்தி. ஒருமுறை பிரேக் பழுதாகிக் கார் நின்றபோது, வான் வைத்திருக்கும் வீடுகளுக்கு நான்தான் இரவல் கேட்டு ஏறி இறங்கினேன். முதலில் முகம் மலர்ந்து தந்தவர்கள், அடுத்த கிழமை என்னை வாசல் கேற்றடியில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போய் ஆலோசித்தார்கள். கார் ஓடும்வரைதான் ராத்தா என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை.

எஞ்சினின் அடியில், பழைய ஒயிலை வடிப்பதற்கு ஒரு நட் இருக்கும். மச்சான் அதைக் கழற்றிவிட்டு, முனையில் காந்தம் பதித்த நட் ஒன்றைக் கொழும்பிலிருந்து வாங்கிவந்து பூட்டினார். உள்ளே இரும்பு தேய்ந்தால் அந்தத் தூள் ஒயிலோடு சுற்றித் திரிந்து மேலும் நாசம் பண்ணாமல், காந்தத்தில் வந்து ஒட்டிக்கொள்ளுமாம். ஒயில் மாற்றும்போது அதைப் பார்த்தே எஞ்சினின் நிலைமையைச் சொல்லிவிடலாமாம். மை போல மெல்லிய கறுப்பு என்றால் வழக்கமான தேய்மானம், பயமில்லை. மினுங்கும் இரும்புச் சிம்புகள் வந்தால் உள்ளே ஏதோ உடைகிறது, உடனே கழற்ற வேண்டும். எங்கள் காது புளிக்கும்வரை இதைச் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் நட்டை வெள்ளைத் துணியில் துடைத்து, அந்தத் துணியை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு எங்களுக்கும் காட்டுவார். ராத்தா கதிரையில் இருந்தபடி சொல்வாள்:

“என்ட ரத்த ரிப்போட்டக்கூட இந்த மனிசன் இப்பிடிப் பாக்கல்ல.”

அவரும் சிரிப்பார். நோயாளி இருக்கும் வீட்டில் சிரிப்பே இருக்காது என்று நினைக்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

சோளகக் காற்று தொடங்கிய நாட்களில் ஒருநாள், வழக்கம்போல முற்றத்தில் ஒயில் மாற்றினார். நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் கையிலிருந்த நட்டுக்குத் தாடி முளைத்திருந்தது. கிட்டப் போனேன். மச்சான் நட்டை உள்ளங்கையில் மூடினார். என்னவென்று ராத்தா கேட்ட பிறகுதான், நட் கை நழுவி நிலத்தில் விழுந்துவிட்டது, ஒட்டியிருப்பது மண் என்றார்.

இந்தக் கரையில் அதை நம்பாதவர்கள் இல்லை. எங்கள் மண்ணில் கறுப்புமணல் கலந்திருக்கிறது. காந்தத்தைக் கீழே போட்டால் கொத்தாக ஏறிக்கொள்ளும். சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி, கண்டக்குழிக் கடற்கரையில் இழுத்து விளையாடியவள் நான். ஆகவே நானும் நம்பினேன். மண்தான், துடைத்துப் பூட்டுங்கள் என்று ராத்தாவும் சொன்னாள். மச்சான் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினார். அன்றைக்குத் துணியை யாருக்கும் காட்டவில்லை.

அதற்குப் பிறகு காரில் ஒரு தட்டல் சத்தம் கேட்கத் தொடங்கியது. சத்தம் கூடும்போதெல்லாம் மச்சான் உரக்கக் கதைத்தார். ஒருநாள் எஞ்சின் கொதித்து, பாதி வழியிலேயே திரும்பி வந்தோம். அந்தத் தடவை ராத்தாவுக்கு மெசின் இல்லை. அடுத்த தடவை புறப்பட்டபோது அவளுடைய கால்கள் செருப்புக்குள் நுழையவில்லை.

நுரைச்சோலை தாண்டியதும் அடியில் ஏதோ முறிந்தது. கார் இறுகி நின்றது. ஒயில் தார் றோட்டில் பரவியது. ராத்தாவை வேலியோரம் இருத்தி, என் முந்தானையால் வெயில் மறைத்தேன். எதிரே ஆலங்குடாவுக்குப் போகும் சுற்றுலா வான் ஒன்று நின்றது. வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கி, ராத்தாவைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, காரைப் படம் எடுத்துக்கொண்டு போனார். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

கடைசியில் ஒரு மீன் லொறிதான் எங்களை ஏற்றியது. போய்ச் சேர்ந்தபோது அவளுடைய நெஞ்சு முழுக்கத் தண்ணீர். ஆஸ்பத்திரியில் ஓடியோடிச் செய்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அஸர் தொழுகைக்கு முன்னரே மூச்சடங்கி ராத்தா மவுத்தானாள்.

காரைக் கழற்றிய கராஜ்காரர், இது ஒரே நாளில் உடைந்ததல்ல, உள்ளே மாதக்கணக்காக அரைபட்டிருக்கிறது, காந்த நட்டில் ஒன்றும் காணவில்லையா என்று கேட்டார். அன்று முதல் மச்சானுக்குச் சோறு அனுப்பினேன், முகம் கொடுக்கவில்லை. எஞ்சினைப் பார்க்கத் தெரிந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு என் ராத்தாவைக் கொன்றுவிட்டார் என்றே நினைத்தேன். சில மாதங்கள் இப்படிப் போயின. பொறுக்க முடியாமல் ஒருநாள் நேரே போய்க் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

“மண் இல்லண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் புள்ள. எஞ்சினக் கழட்டினா ஒரு மாசத்துக்குக் கார் எழும்பாது. அதுவரைக்கும் அவவ எதுல கொண்டு போற?”

நான் இருக்கவில்லையா, ஊரெல்லாம் கேட்டு ஒரு வாகனம் பிடித்துத் தந்திருப்பேனே என்று கத்தினேன்.

“அதத்தான் நானும் அண்டைக்கு ராவு அவவுக்கிட்ட சொன்னேன். அவ விடல்ல. மண்ணெண்டே சொல்லுங்க, தங்கச்சி எனக்காக இன்னொருக்கா ஆக்கள்ட கேற்றடியில நிக்கிறத என்னால பாக்க ஏலா எண்டா.”

அவரிடம் கேட்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. ராத்தாவோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிடிப்பதற்கு அவள் இல்லை.