சித்தப்பா மாட்டிய அவசர விளக்குகள்

“அவசரம்னா இதை விட்டா வேற என்னம்மா இருக்கு?” என்று சித்தப்பா கேட்டபோது நானும் தலையாட்டிவிட்டேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை, கூடத்தில் விளக்கு மாட்ட வரைபடம் போட்டுத் தரச் சொல்லி அவர்தான் கூப்பிட்டிருந்தார்.

சித்தப்பா எங்கள் தெருச் சமூகக் கூடத்தின் காவலாளி. அவரும் சித்தியும் பதினேழு வருஷமாக அதன் பின்னால் உள்ள இரண்டு அறையில் குடியிருக்கிறார்கள். எந்த நாற்காலிக்குக் கால் ஆடும், எந்த ஜன்னல் கொக்கியைத் தட்டித்தான் போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

போன மாதம் தீயணைப்பு அதிகாரி அம்மா வந்தார். “கரண்ட் போனா இங்க ஒரே இருட்டு. அவசர விளக்கு மாட்டி, அவசர வழிக்கு அம்புக்குறி ஒட்டி வைங்க. பத்து நாள்ல வருவேன். சரியா இல்லேன்னா கூடத்துக்குப் பூட்டுதான்.”

பூட்டினால் சித்தப்பாவுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. மூன்று நாள் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

சிக்கல் அந்த ஒரு சொல்லில் இருந்தது. கூடத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் யாராவது நெளிந்துகொண்டு ஓடிவந்து, “அண்ணே, அவசரம்!” என்பார்கள். அவர் கழிப்பறைப் பக்கம் கை காட்டுவார். அவர் அறிந்த அவசரம் அது ஒன்றுதான். ஆகவே ஆறு விளக்கு, ஆறு அம்பு, எல்லாம் கழிப்பறையைப் பார்த்து! கடைசி விளக்கு கழிப்பறைக்கு உள்ளேயே. நானும் அளவுகோல் வைத்து அழகாகக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

அதிகாரி வந்தது ஒரு மத்தியானம். தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல்களைச் சாத்தி, மெயினை அணைத்துவிட்டு, “தீப்பிடிச்சிருச்சு! அம்பைப் பார்த்து ஓடுங்க!” என்றார்.

ஓடினோம். பதினைந்து பேர், கடைசியாக அதிகாரியும், கழிப்பறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். ஒரு அக்கா கையில் பாதி தைத்த சட்டை.

“இது என்னங்க?”

“கழிப்பறை மேடம்.”

“அது தெரியுது! வாசல் எங்க?”

“அது அந்தக் கோடியில. அங்க என்ன அவசரம்?” என்றார் சித்தப்பா, அப்பாவியாக.

“பக்கெட்ல தண்ணி இருக்கு மேடம், தீயை அணைச்சுக்கலாம்னு கூட்டிட்டு வந்திருக்கார்” என்றார் சித்தி.

“அண்ணே, நல்ல பெரிய பல்பா வாங்கிட்டீங்க” என்றார் விளக்குகளுக்கு வயர் இழுத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன், நெரிசலுக்குள்ளிருந்து.

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். சித்தப்பா பதறிக்கொண்டு முன்னால் வந்தார். “மேடம், அம்பை எல்லாம் திருப்பிட்டா?”

கூடம் நீளவாக்கில், ஒரு கோடியில் கழிப்பறை, மறுகோடியில் வாசல் என்று இருந்ததால் பிழைத்தோம். எலக்ட்ரீஷியன் ஸ்டூல் போட்டு ஏறி ஆறு அம்பையும் திருப்பினார். “கழிப்பறை விளக்கைக் கழட்டி வாசல்ல மாட்டுங்க” என்றார் அதிகாரி.

“அது மட்டும் முடியாது மேடம். கரண்ட் போறப்ப உள்ள உட்கார்ந்திருக்கிறவன் என்ன பண்ணுவான்?” என்றார் சித்தப்பா.

அதிகாரி அந்த விளக்கை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “அதுவும் நியாயம்தான். இது இருக்கட்டும், வாசலுக்கு ஏழாவதா ஒண்ணு மாட்டுங்க.” மாட்டியதும் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

ஆனால் இப்போது கூட்டத்துக்கு வருகிறவர்கள் ‘அவசர வழி’ அம்பைப் பார்த்து ஓடிப்போய், நடுத்தெருவில் நெளிந்துகொண்டு நிற்கிறார்கள். எல்லார் பின்னாலும் சித்தப்பாவால் ஓட முடியவில்லை. தயவுசெய்து இதை உங்களுக்குத் தெரிந்த நாலு பேரிடம் சொல்லுங்கள். கழிப்பறை எதிர்ப்பக்கம்.